மெட்ராஸ் வண்டி இருக்கட்டும், ராத்திரி மதுரை வண்டி எங்கே?



போன வாரம் வீட்டுக்காரிக்குக் கண் காட்ட மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். காலையில ரயில்ல சௌகரியமாப் போயிட்டோம். டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது மணி ஆறரை. சாயங்கால வண்டி போயிருச்சு. அதை விட்டா நம்ம பக்கம் வர உள்ளூர் வண்டி கிடையாது. கண்ணுல மருந்து ஊத்தினவளைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தினேன். விருதுநகர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தா. அங்க இறங்கி அடுத்த பஸ், அப்புறம் ஆட்டோ. ஊர் வந்து சேர ராத்திரி பத்தரை.

நம்ம ஊர்ல ரயிலைப் பத்திப் பேச்சு எடுத்தாலே சென்னை வண்டிதான். பொதிகை தினமும் ஓடுது, கொல்லம் வண்டியும் தினமும் ஓடுது. வாரம் மூணு நாள் ஓடுற சிலம்பைத் தினசரி ஆக்குங்கன்னு மனுமேல மனு. கேட்கட்டும், தப்பில்லை. என் மகனும் சென்னையிலதான் இருக்கான். ஆனா நான் சென்னைக்குப் போறது வருஷத்துக்கு ஒருதரம். மதுரைக்கு மாசம் ரெண்டுதரம் போறேன். பெரிய ஆஸ்பத்திரி, ஹைகோர்ட், பிள்ளைங்க காலேஜ், மோட்டார் சாமான் எல்லாமே நமக்கு மதுரைதான். தினம் வேணுங்கிறதை விட்டுட்டு வருஷத்துக்கு ஒருநாள் வேணுங்கிறதைத்தான் சத்தமாக் கேட்கிறோம்.

விருதுநகர் – தென்காசி பாதை போட்டது 1927-ல. மீட்டர் கேஜ் பாசஞ்சர்ல எங்க அய்யா மிளகாய் மூட்டையோட போய் வந்த கதையைச் சொல்லுவார். 2004-ல அகலப் பாதையில பொதிகை ஓடுனப்ப நாங்களும் போய் வேடிக்கை பார்த்தோம். இப்ப கரண்ட் கம்பியும் வந்தாச்சு.

ஆனா 2020-ல கொரோனாவுக்கு நிறுத்தின பாசஞ்சர் வண்டிங்க திரும்பி வந்தப்ப பேரே மாறிப்போச்சு. 10 ரூபாயா இருந்த குறைஞ்ச டிக்கெட் 30 ரூபாய் ஆச்சு. ஊர் ஊருக்குச் சங்கத்துக்காரங்க விடாமக் கேட்டதுலதான் 2024 பிப்ரவரியில மறுபடி 10 ரூபாய்க்கு வந்துச்சு. கேட்டா நடக்கும்கிறதுக்கு இதை விட வேற சாட்சி வேண்டாம்.

இன்னொண்ணு அப்படியே இருக்கு. நம்ம மதுரை – செங்கோட்டை பாசஞ்சர் ஒண்ணை மயிலாடுதுறை வண்டியோட சேர்த்தாங்க. 2023-ல இன்னொண்ணைக் குருவாயூர் வரைக்கும் நீட்டினாங்க. தஞ்சாவூர், கும்பகோணம் போறவுகளுக்கு மாறாமப் போக முடியுது, அது நல்லதுதான். ஆனா எக்ஸ்பிரஸ்னு பேர் வச்சதால அதுக்கு எக்ஸ்பிரஸ் டிக்கெட். மதுரையில கிளம்புற வண்டின்னா மதுரை நேரத்துக்கு நிக்கும். மயிலாடுதுறையில கிளம்புற வண்டி திருச்சியில தாமதமானா திருத்தங்கல்ல நாம காத்துக் கிடக்கணும்.

நான் கேட்கிறது ஒண்ணுதான். ராத்திரி எட்டு மணிவாக்குல மதுரையில கிளம்பி, எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு, செங்கோட்டை போற சாதாரண வண்டி ஒண்ணு. விடியக்காலம் அதே வண்டி திரும்பட்டும். ஒத்தைப் பாதை, எதிர் வண்டிக்கு வழிவிடணும்னு சொல்லுவாங்க. வாஸ்தவம். அதனாலதான் பத்து வண்டி கேட்கலை, ஒண்ணு கேட்கிறேன்.

நம்ம மேலயும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிருதேன். "இந்தக் கொஞ்ச தூரத்துக்கு எதுக்கு டிக்கெட்"னு விருதுநகருக்கு ஓசியில போறவுக நம்ம ஊர்லயே இருக்காக. அதைப் பெருமையா வேற சொல்லுதாக. சிவகாசி இவ்வளவு பெரிய தொழில் ஊரா இருந்தும் நம்ம பட்டாசை ரயில்ல ஏத்த முடியாது. கையில கொண்டு போனாக்கூட மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டம். காலண்டர், நோட்டும் பெரும்பாலும் லாரியிலதான் போகுது. அப்ப இந்த ஊர் ரயிலை நம்பி இருக்குன்னு காட்ட நமக்கு இருக்கிற ஒரே கணக்கு, நம்ம ஸ்டேஷன்ல விக்கிற டிக்கெட். டிக்கெட் எடுக்காம ஏறுறவன், மனுவுல போட்ட கையெழுத்தைத் தானே அழிக்கிறான்னு அர்த்தம்.

அதனால தினம் போறவுக சீசன் டிக்கெட் எடுங்க. மத்தவுக எந்த ஸ்டேஷன்ல ஏறுறீங்களோ அங்கேயே டிக்கெட் வாங்குங்க. பயராபீஸ் வேனுக்குக் காத்து நிக்கிற பிள்ளைககிட்டயும் சொல்லுங்க. ராத்திரி வண்டி இருந்தா மதுரையில படிச்சுக்கிட்டே வீடு வந்து சேரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம்னு அவங்களுக்கும் தெரியட்டும்.

நான் மதுரைக் கோட்ட மேலாளருக்கு ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். ரெண்டே பக்கம். அதுல சென்னை வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. எங்க ஊர்லயிருந்து மதுரைக்குப் போய் ராத்திரி பஸ்ல நின்னுக்கிட்டு வர்றவுக எத்தனை பேர்னு வீடு வீடா எழுதிக்கிட்டு இருக்கேன். மக்காச்சோளத்துக்குக் களை எடுத்து முடிச்சதும் சாயங்காலம் நாலு வீடு போறேன். இதுவரைக்கும் 23 பேர். முதல் பேர் என் வீட்டுக்காரி. உங்க ஊர்லயும் யாராவது இப்படி ஒரு நோட்டுப் போட்டீங்கன்னா, எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்போம்.