மரத்துக்குள்ளே கேட்கும் சத்தம்

போன வருஷம் ஆனைமலைப் பக்கம் இருக்கிற என் தோப்பில் ஏழு தென்னை போச்சு. எல்லாம் நல்ல காய்ப்பில் இருந்த மரங்கள். நடுக்குருத்து வாடுதேன்னு பார்த்தப்பவே உள்ளே கூழாகியிருந்தது. சிவப்புக் கூன் வண்டு. "ஏனுங்க சார், பக்கத்து மரத்துல காது வெச்சுப் பாருங்க" என்றார் மரமேறும் பெரியவர். வெச்சேன். கரகரன்னு ஒரு சத்தம். புழு நாரைத் தின்கிற சத்தம். அந்த மரமும் தப்பவில்லை.

ரசாயனம் போடுகிறவர்கள் வேர் வழியா மருந்து கட்டுவாங்க. நமக்கு அந்த வழி கிடையாது. சீக்கிரம் கண்டுபிடிச்சால்தான் மரம் பிழைக்கும். நம்ம காதுக்கே கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இங்கேதான் 'பீசோ' உணர்வி உதவும். பேருதான் புதுசு. சில படிகங்களை அமுக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-லேயே பிரான்சில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடிச்சாங்க. நம்ம வீட்டு கேஸ் லைட்டரில் பொறி விழுவது அதனால்தான். அதே பொருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அசையும். அலாரம் கடிகாரத்தின் 'பீப்' சத்தம் அப்படி வருவதுதான். புழு கடிக்கும்போது தண்டில் உண்டாகும் துளி அதிர்வையும் ஒரு பீசோ வில்லை மின்சாரமாக்கும். அதைப் பெருக்கி ஹெட்போனில் கேட்கலாம். 1980-களில் இதே வண்டு வளைகுடா நாடுகளின் பேரீச்சைக்குப் பரவியது. அதைச் சத்தத்தை வெச்சுப் பிடிக்கிற ஆராய்ச்சி பல நாடுகளில் நடந்திருக்கு.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். பஸ்ஸர் வில்லையும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் வெச்சு ஒண்ணு செஞ்சு கொடுத்தான். சந்தேகப்பட்ட இருபது மரத்தில் ரெண்டில் சத்தம் கேட்டது. ஒண்ணு வெறும் எறும்பு. இன்னொண்ணில் ஓட்டையைத் தோண்டி புழுக்களை எடுத்தோம். இப்போ புதுக்குருத்து விட்டிருக்கு.

குறைகளையும் சொல்லணும். காத்து, மோட்டார் இரைச்சல் இருந்தால் ஒண்ணும் புரியாது, விடியற்காலையில்தான் கேட்கணும். தண்டில் ஆணி அடிக்கச் சொல்லும் கருவி நமக்கு வேண்டாம். காயத்தின் வாசத்துக்குத்தான் வண்டே வருது. ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினால் போதும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கடன் கொடுத்தவன் சொல்றேன். மரத்துக்கு ஒரு கருவி, மாசாமாசம் சந்தா என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீங்க. ஊருக்கு ரெண்டு கருவி போதும். நம்ம உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களே வாங்கி வாடகைக்கு விடலாம். வேளாண் பல்கலைக்கழகமும் அதன் ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையமும் இதை நம்ம தோப்புகளில் சோதிச்சுப் பார்த்து, செய்முறையை எல்லோருக்கும் திறந்து கொடுக்கணும். நம்ம இயக்கம் கேட்க வேண்டியது இதைத்தான்.

கருவி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். பச்சை மட்டையை வெட்டினால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டுங்க. காண்டாமிருக வண்டு துளைச்ச இடத்திலும் கூன் வண்டு நுழையும். அதனால் குருத்து மட்டை இடுக்கில் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு ரெண்டு பங்கு மணல் கலந்து போடுங்க. ஹெக்டேருக்கு ஒரு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்க. நாளைக்கு விடியறப்போ தோப்பை ஒரு சுத்து சுத்தி, சந்தேகப்படுற மரத்தில் காதை வெச்சுப் பாருங்க.