மாணவர் பந்தயமும் ஆகாயத்துச் சட்டமும்

அமெரிக்காவில் டீன் கேமன் என்பவர் 1989-ல் நிறுவிய ‘ஃபர்ஸ்ட்’ என்னும் ஸ்தாபனம், 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக ரோபோப் பந்தயம் நடத்தி வருகிறது. அப்பந்தய விதிகளுள் ஒன்று, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்குக் கொடுங்கோன்மையாகவே தோன்றும். போட்டி மண்டபத்தினுள் எந்தக் குழுவும் சொந்தமாக வைஃபை அமைத்துக்கொள்ளலாகாது. கைத்தொலைபேசியை ஹாட்ஸ்பாட்டாக மாற்றுவதும் கூடாது. களத்திலுள்ள ரோபோவுக்குக் கட்டளையிட, நடத்துவோர் வகுத்த கம்பியில்லாத் தொடர்பு ஒன்றே மார்க்கம். சுயபுத்தியை வளர்க்கப் புறப்பட்ட ஸ்தாபனம் மாணவருக்கு வாய்ப்பூட்டுப் போடுவதா என்று எவரும் கேட்கக்கூடும்.

கேட்பவர்கள் 2012-ம் வருஷத்து விபரீதத்தை அறிந்துகொள்வது நலம். அவ்வருஷம் ஏப்ரலில் செயிண்ட் லூயிஸ் நகரில், ‘ஐன்ஸ்டைன்’ என்று பெயரிட்ட இறுதிக் களத்திலே, ஆட்டத்திற்கு ஆட்டம் சில ரோபோக்கள் தொடர்பிழந்து மரக்கட்டைகள்போல நின்றன. ஆட்டமோ இரண்டேகால் நிமிஷம். ஆறு வாரம் இராப்பகல் உழைத்துக் கட்டிய இயந்திரம் அச்சிறு பொழுதில் அசையாது நின்றால், அந்தப் பிள்ளைகளின் மனம் என்ன பாடுபடும்! பின்னர் நடந்த விசாரணையில், ஒரு நபர் தமது கைத்தொலைபேசியிலிருந்து ரோபோக்களின் ரேடியோவுடன் இணைய முயன்றது வெளியாயிற்று. சங்கேதச் சொல் பொருந்தாமல் அம்முயற்சி தோற்றது. ஆயினும் அந்தத் தோல்வியே ரேடியோவின் முறையான தொடர்பையும் அறுத்துவிட்டது. பூட்டு திறக்கவில்லை; கதவைத் தட்டியதே வீட்டைக் குலைத்துவிட்டது. எல்லாத் தடங்கல்களுக்கும் அதுவே காரணமன்று. சில ரோபோக்களின் சொந்தக் குறைகளும் இருந்தன.

ஆகவே விதி நியாயமானதே. ஊர்ப் பொதுக் கிணற்றில் ஆளுக்கொரு ஏற்றம் கட்டி இறைத்தால் எவருக்கும் நீர் மிஞ்சாது. 2013-ல் ரோபோ ஒன்றுக்கு விநாடிக்கு 7 மெகாபிட் என்று உச்சவரம்பு விதித்ததும் இதே நியாயத்தைப் பற்றியதுதான்.

ஆனால் பிறர் கையிலுள்ள எல்லா மார்க்கங்களையும் அடைத்துத் தன் மார்க்கம் ஒன்றையே திறந்துவைப்பவருக்கு, அம்மார்க்கத்தைப் பற்றிய ஜவாப்தாரியும் முழுமையாக உண்டு. 2012-ல் ஸ்தாபனத்தார் இதை உணர்ந்தே நடந்தார்கள். இறுதிக் களத்தில் ஆடிய குழுக்களை மறுபடி அழைத்துச் சோதித்து, தங்கள் ஏற்பாட்டிலிருந்த பலவீனத்தையும் மறைக்காமல் அறிக்கை வெளியிட்டார்கள். அதிகாரத்திலிருப்போரிடம் அபூர்வமாகக் காணும் குணம் இது.

அது பெரும் விபரீதம் நேர்ந்தபோது செய்த காரியம். அன்றாட ஆட்டங்களின் கதி என்ன? களத்தின் குறையால் முடிவு மாறியிருந்தால் ஆட்டம் மறுபடி நடக்கும். ரோபோவின் குறையென்றால் நஷ்டம் குழுவுக்கே. குறை யாருடையது என்பதிலேதான் வழக்கு. களத்தின் பதிவு நடத்துவோரிடம். ஓட்டுவோரின் கணினிப் பதிவு குழுவிடம். ஒருவருடைய விசேஷ அறிவுக்குட்பட்ட விஷயத்தை நிரூபிக்கும் பாரம் அவரையே சாரும் என்பதைச் சாட்சியச் சட்டம் பயின்றோர் அறிவர். பதினாறு வயதுப் பையன் ஒருவன், தன் கையில் இல்லாத தஸ்தாவேஜைக் கொண்டு தன் கட்சியை ஸ்தாபிக்க வேண்டுமென்பது எந்த நீதி? ரோபோ நின்றுபோன குழுவுக்கு இரு பதிவுகளையும் அருகருகே வைத்துக் காட்டுவது தயவு அன்று, கடமை என்பதே நமது அபிப்பிராயம். அதையும் அடுத்த ஆட்டம் தொடங்குமுன், அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல் செய்தல் வேண்டும்.