பிள்ளைக்கு வண்டி வாங்குமுன்...

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவர் என் பழைய மாணவர். மூன்றாம் ஆண்டில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்ட பையன், இன்று செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறார். ஏழு மாதப் பெண் குழந்தைக்குத் தகப்பனார். தயங்கித் தயங்கிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், இது எப்படி டீச்சர்? பட்டணத்துல ஒருத்தங்க விக்கிறாங்க. அவங்க பிள்ளைக்கு வாங்கி ஒரு வருஷம்தான் ஆச்சாம். 450 வெள்ளி. வாங்கலாமா?"

படத்தில் இருந்தது மூன்று சக்கரத் தள்ளுவண்டி. பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் ஒன்று. மூன்று சக்கரம் என்றதும் நம் பாட்டிமார்களுக்கு, பிள்ளை பிடித்துக்கொண்டு நடை பழகும் மர நடைவண்டிதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. குழந்தையை உட்காரவைத்து நாம் தள்ளிச் செல்வது.

அவர் ஆசைக்காகக் கேட்கவில்லை. லயத்திலிருந்து கிளினிக் மூன்று கிலோமீட்டர். அவர் வேலைக்காட்டில் இருக்கும் நேரத்தில் தடுப்பூசி, எடை பார்ப்பது எல்லாவற்றுக்கும் அவர் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செம்மண் சாலையில் நடந்தே போய் வருகிறார். இடது தோள் வீங்கிவிட்டதாம். 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளி என்று உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு 450 வெள்ளி சின்னத் தொகையா? கால்வாசிச் சம்பளத்துக்கும் மேல்.

"அவசரப்படாதே தம்பி. நாளைக்கு நான் உன்கூட வந்து பார்க்கிறேன்" என்றேன். நான் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு.

2012-ல் என் தங்கைக்கு முதல் பிள்ளை. நான்தான் பெரிய மனசு பண்ணி, பட்டணத்துக் கடையில் ஒரு வண்டி வாங்கிக் கொடுத்தேன். பூப்போட்ட துணி, பொம்மை தொங்கும் கூரை. கடையின் பளிங்குத் தரையில் ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போனது. சக்கரங்களை நான் பார்க்கவே இல்லை. நான்கு ஜோடி பிளாஸ்டிக் சக்கரங்கள், ஒவ்வொன்றும் முறுக்கு அகலந்தான் இருக்கும். ஒரு நாள் கடைத்தெருவில் சாக்கடை மேல் போட்டிருந்த இரும்புக் கம்பி மூடியில் முன்சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டது. வண்டி சட்டென்று நின்றது. பிள்ளை நிற்கவில்லை. புழுக்கமாக இருக்கிறதே என்று தங்கை வாரைக் கழற்றி விட்டிருந்தாள். பிள்ளையின் முகவாயில் இரண்டு தையல். "நான்தானேக்கா வாரைக் கழட்டினேன்" என்று அவள் பல மாதம் அழுதாள். அவள் மாமியார் சொன்ன சொற்களை இங்கே எழுத வேண்டாம். சக்கரத்தைப் பார்க்காமல் வாங்கியவள் நான். அதை யாரும் சொல்லவில்லை. நானும் அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆகவே, தாய்மார்களே, வண்டியைக் கடைத் தரையில் தள்ளிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் தினமும் நடக்கும் பாதையை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்று சக்கரத்துக்கும் நான்கு சக்கரத்துக்கும் என்ன வேற்றுமை? கல்யாண வீட்டில் மூன்று கல் கூட்டி அண்டாவை ஏற்றுகிறோம். தரை மேடு பள்ளமாக இருந்தாலும் அண்டா ஆடுவதில்லை. நான்காவது கல் ஒன்றை வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு கல் ஒட்டாமல் நின்று அண்டா ஆடும். வண்டியும் அப்படித்தான். மூன்று சக்கரமும் எந்தத் தரையிலும் எப்போதும் பதிந்தே இருக்கும். நான்கு சக்கர வண்டி குண்டும் குழியுமான பாதையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தடதடக்கும்.

அடுத்தது சக்கரத்தின் அளவு. பெரிய சக்கரம் சிறு குழியைத் தாண்டிப் போய்விடும், சிறிய சக்கரம் அதற்குள் விழுந்துவிடும். 1984-ல் அமெரிக்காவில் யாக்கிமா என்ற ஊரில் ஃபில் பேக்லர் என்ற பத்திரிகையாளர், தாம் ஓட்டப்பயிற்சிக்குப் போகும்போது மகனையும் அழைத்துப் போக விரும்பித் தள்ளுவண்டிக்குச் சைக்கிள் சக்கரங்களைப் பூட்டிப் பார்த்தார். இன்று நாம் பார்க்கும் மூன்று சக்கர வண்டி பரவியது அதிலிருந்துதான். ஓடுகிறவர்களுக்காகச் செய்தது, மெதுவாக நடக்கிற நம் செம்மண் சாலைக்கும் பொருந்திப்போனது. ஆனால் கவனியுங்கள். இப்போது பெயருக்கு மூன்று சக்கரம் வைத்து, அவற்றையும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்கில் செய்து விற்கிறார்கள். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

மறுநாள் நாங்கள் போனோம். என் கையில் தையல் நாடா. அவர் கையில் 10 கிலோ அரிசிப் பை. ஏன் அரிசி என்று விற்கிற அம்மாள் விழித்தார். சொல்கிறேன். வெறும் வண்டி எதற்கும் நன்றாகத்தான் ஓடும். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையின் எடை 10 கிலோ. பையை இருக்கையில் வைத்து வாரைக் கட்டினோம். அவர்கள் வீட்டுக்கு வெளியே கார் ஏறும் சரிவில் நிறுத்தி பிரேக்கை மிதித்துவிட்டுக் கையை எடுத்தோம். வண்டி அசையவில்லை. மேலே தலை வைத்தும் கீழே தலை வைத்தும், இரண்டு பக்கமும் சோதித்தோம். பிரேக் இரண்டு பின்சக்கரத்தையும் பிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று திரும்பிவிடும். நம் லயங்களில் பல மேட்டில் இருக்கின்றன. வாசலிலிருந்து சரிந்தால் சாக்கடைதான். கைப்பிடியில் மணிக்கட்டில் மாட்டும் வார் ஒன்று இருக்கும். அதை அலங்காரம் என்று வெட்டிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு முன்சக்கரம். நல்ல வண்டியில் இது பக்கவாட்டில் சுழலும். வேண்டுமானால் நேராகப் பூட்டியும் வைக்கலாம். கடைக்குள் சுழல விடுங்கள். கரடு முரடான பாதையில் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வேகம் கூடும்போது சக்கரம் வெடவெடவென்று ஆடி வண்டியையே இழுத்துவிடும். பூட்டிய வண்டியைத் திருப்ப, கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கித் திருப்ப வேண்டும். இரண்டு நாளில் பழகிவிடும்.

இந்த முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வசதியும் உண்டு. வசதி என்கிறேன், ஆபத்தும் அதில்தான். அமெரிக்காவில் ஒரு பெயர்பெற்ற மூன்று சக்கர வண்டியின் முன்சக்கரம் ஓட்டத்தில் கழன்றுவிடுகிறது என்று ஏறத்தாழ 200 புகார்கள் சேர்ந்து, அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வழக்கே தொடுத்தது. குழந்தைகளும் பெரியவர்களும் காயப்பட்டிருந்தார்கள். விலை உயர்ந்த வண்டிதான் அது. ஆகவே ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் வண்டியைத் தூக்கிப் பிடித்து, முன்சக்கரத்தைக் கையால் இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது.

டயர் காற்றடிப்பதா, கெட்டி நுரையா? ரப்பர்த் தோட்டத்துப் பாதைக்குக் காற்று டயர் சுகம், குழந்தைக்குக் குலுக்கல் குறையும். செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப் போட்ட மட்டையின் முள் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. பஞ்சர் ஒட்டும் பொறுமை வீட்டுக்காரருக்கு இருந்தால் காற்று டயர், இல்லையேல் நுரை டயர். எண்ணெய் நிலையத்துக் குழாயில் காற்றடிக்க வேண்டாம். சின்ன டயர் நொடியில் வெடித்துவிடும். சைக்கிள் பம்பு போதும்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. மூன்று கல் அடுப்பு ஆடாது, ஆனால் அண்டாவின் விளிம்பில் ஒருவர் சாய்ந்தால்? முன்பக்கம் குறுகலாக இருப்பதால் பக்கவாட்டில் சாய்க்கும்போது இந்த வண்டி எளிதாகக் கவிழும். மேட்டில் கோணலாக ஏற்றாமல் நேராக ஏற்றுங்கள். மூத்த பிள்ளையைக் கால்வைக்கும் படியில் ஏறி நிற்க விடாதீர்கள். கைப்பிடியில் சந்தைப் பைகளை மாட்டினால், குழந்தையைத் தூக்கிய மறுநொடி வண்டி பின்பக்கம் மல்லாந்துவிடும். சாமானை அடிக்கூடையில் வையுங்கள்.

மடிக்கும்போது குழந்தையை அருகில் நிற்க விடாதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் தள்ளுவண்டிகளை ஒரு நிறுவனம் திரும்ப அழைத்துக் கீலுக்கு உறை கொடுத்தது. 12 குழந்தைகளின் விரல் நுனிகள் அந்தக் கீலில் துண்டாகியிருந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கீல், பூட்டு, வார் மூன்றையும் நான்கைந்து முறை மடித்தும் விரித்தும் பாருங்கள். வார் இரு தோள், இரு இடுப்பு, காலிடுக்கு என்று ஐந்து இடத்தில் பிடிப்பதாக இருக்கட்டும். புழுக்கம் என்றாலும் கழற்றாதீர்கள். என் தங்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

புழுக்கம் என்றதும் இன்னொன்று. வெயில் படாமல் இருக்கக் கைலியையோ துண்டையோ வண்டி மேல் போர்த்திவிடுகிறோம். உள்ளே காற்று நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய உலர்ந்த துணியைப் போர்த்திய வண்டிக்குள் சூடு 2 டிகிரிக்கும் மேல் கூடியிருந்தது. வண்டிக் கூரை போதும், அதோடு நீங்கள் பிடிக்கும் குடை. பத்து மணிக்குள் கிளினிக் போய்த் திரும்புவது அதைவிட நல்லது.

கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையை உட்காரவைக்கும் வண்டியில் வைக்கக் கூடாது. முழுவதும் படுக்கையாகச் சாயும் வண்டி என்றால் சரி. குலுக்கும் சாலைக்கு எப்படியும் ஆறு மாதம் கடக்கட்டும். அதுவரை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிய துணி இருக்கிறது. நாமெல்லாம் அப்படித்தானே விடியற்காலை இருட்டில் ஆயாக் கொட்டகைக்குப் போனோம்?

அடுக்குமாடியில் இருந்துகொண்டு பஸ்ஸும் ரயிலும் ஏறுகிறவர்களுக்கு இந்த வண்டியே தேவையில்லை. பருமன், பாரம், இடைஞ்சல். ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர் 1965-ல் உரிமம் கேட்டுப் பதிந்தாரே, குடை போல மடியும் வண்டி, அந்த வகையில் உறுதியான ஒன்றை வாங்குங்கள். சாக்கடை மூடியைக் கடக்கும்போது மட்டும் குறுக்காகக் கடந்து போங்கள்.

சரி, என் மாணவர் கதைக்கு வருகிறேன். நாடாவை வைத்துப் பின்பக்க அகலத்தை அளந்தோம், 63 சென்டிமீட்டர். லயத்து வாசல் 76. நுழையும். கீலும் பிரேக்கும் சரி. இடது தோள் வார் மட்டும் நைந்திருந்தது. அதைக் காட்டி நான் பேரம் பேச, 380 வெள்ளிக்கு இறங்கினார்கள். வண்டியின் பெயரைச் சொல்லி வார் வரவழைக்க 35 வெள்ளி ஆனது. அது வரும்வரை குழந்தையை வண்டியில் ஏற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

போன புதன்கிழமை பள்ளி முடிந்து வரும்போது சாலையில் அவர்களைப் பார்த்தேன். முன்னால் மாமியார், பின்னால் மருமகள். வண்டி நன்றாகத்தான் உருண்டது. உள்ளே இரண்டு கட்டு மரவள்ளிக் கிழங்கு, ஒரு வாழைத்தார், மேலே குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம். ஐந்து இடத்து வாரும் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. குழந்தை பாட்டியின் இடுப்பில்.

"அழுவுறா டீச்சர், பழகிக்குவா" என்றார் பாட்டி, வண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டே.