நடுவர் குழுவில் ஒரு நர்ஸம்மா

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் அகில இந்திய அளவில் முதலிடம் பிடித்தது. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில், எந்த மாவட்டம் வேகமாக மேலே வருகிறது என்று நிதி ஆயோக் போட்ட இரண்டாவது பட்டியல் அது. பின்தங்கியவை என்று நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர்தான்: விருதுநகரும் ராமநாதபுரமும். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் உடல்நலத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் உரியது. முந்துகிற மாவட்டத்துக்குக் கூடுதல் நிதி உண்டு.

இந்தப் போட்டியைப் பற்றிப் பல குறைகள் சொல்லலாம். ஆனால் அதில் மெச்ச வேண்டிய ஒன்று இருந்தது. யார் பெரியவர் என்று அது கேட்கவில்லை. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தாய் என்று கேட்டது. கர்ப்பிணிகள் உரிய நேரத்தில் பதிவானார்களா, பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்ததா என்று ஊர் ஊராக எண்ணச் சொன்னது.

மருத்துவக் கருவிகளுக்காக நடக்கும் நிதிப் போட்டிகளில் இந்தக் கேள்விக்குப் போதிய இடமில்லை.

அப்படிப்பட்ட போட்டிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. மத்திய அரசின் பைராக் நிறுவனம் 2012இல் பிறந்தது. அதன் ‘பிக்’ மானியம் ஒரு புதிய யோசனைக்கு 18 மாத காலத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தமிழ்நாடு அரசின் ‘டான்சீட்’ திட்டமும் தொடக்க நிலை நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளை 2008லிருந்து இரண்டு பக்க விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஒரு லட்சம் டாலர் கொடுத்துப் பார்த்தது. இவை தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓடுமா ஓடாதா என்று தெரியாத கருவிக்கு எந்த வங்கியும் கடன் தராது. சென்னை ஐஐடி உருவாக்கி 2019இல் வெளிவந்த ‘அரைஸ்’, உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலி. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை கொடுத்த பணம் இல்லாமல் அது ஆய்வகத்தை விட்டு வெளியே வந்திருப்பது கடினம்.

சிக்கல் பணம் கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. விருதுநகர் மாவட்டத்துப் பந்தல்குடிக்குக் கிழக்கே பரளச்சி, திருச்சுழிப் பக்கம் விரியும் கரிசல் காட்டில் சர்க்கரை நோயால் பார்வை மங்கும் ஒரு அறுபது வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளலாம். மானாவாரி நிலத்தில் பருத்தி எடுக்கிறவர். அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ போனால் ஒரு நாள் கூலி போகும். தனியாகப் போகப் பயம். துணைக்கு மகனோ மகளோ வந்தால் அவர்கள் கூலியும் போகும். டாக்டர் இலவசமாகப் பார்த்தாலும் அன்றைய செலவு அவருக்கு இலவசம் ஆகாது.

இதை எண்ணிக்கையாகவே பார்த்தவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர். அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி இந்தக் கரிசலின் பிள்ளை. பந்தல்குடியிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் தெற்கே போனால் வரும் எட்டயபுரத்தை ஒட்டிய வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களோடு 1976இல் 11 படுக்கைகளை வைத்து ஆரம்பித்தார். அன்று எந்தப் போட்டியும் அவருக்குப் பரிசு தரவில்லை. குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. கேட்ஸ் விருதின் 10 லட்சம் டாலர் 2008இலும், ஹில்டன் மனிதாபிமானப் பரிசின் 15 லட்சம் டாலர் 2010இலும்தான் வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்து முடிந்த பின் வந்த பணம்.

இடையில் 1992இல் அரவிந்தின் ஆரோலேப் மதுரையிலேயே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்யத் தொடங்கியது. அப்போது வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலரை ஒட்டி விற்றது. ஆரோலேப் அதைச் சுமார் 10 டாலருக்கு இறக்கி, பிறகு அதற்கும் கீழே கொண்டுபோனது. எந்தப் போட்டியிலும் வென்றிருக்கக்கூடிய கண்டுபிடிப்பு. அதோடு கதை முடிந்திருந்தால், கருவி மலிவானால் சிகிச்சை எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

முடியவில்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, அரவிந்த் சேவை செய்த கிராமங்களில் கண் குறை உள்ளவர்களில் எத்தனை பேர் இலவசக் கண் கேம்ப்புக்கு வந்தார்கள் என்று எண்ணியது. கிட்டத்தட்ட 7 சதவீதம். பயம், பயணச் செலவு, வீட்டு வேலை என்று வராதவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட லென்ஸின் விலை தீர்க்காது. மருத்துவமனை அந்த எண்ணை மறைக்காமல் அதிலிருந்தே அடுத்த வேலையைத் தொடங்கியது. 2004 முதல் சிறு ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அங்கே உட்கார வைத்தார்கள். மதுரையிலும் தேனியிலும் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசினார். பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தேனிப் பக்கம் நெடுந்தூர வைஃபை கட்டிக்கொடுத்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் முக்கியம்தான். அதைவிட முக்கியம், மையம் பக்கத்திலேயே இருந்தது. நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் தாய்லாந்தில் இருக்கிறது. கண்ணின் பின்புறப் படத்தைப் பார்த்துச் சர்க்கரை நோய்ப் பாதிப்பைச் சொல்லும் கூகுளின் செயற்கை நுண்ணறிவை 2018, 2019இல் அங்கே 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் அது 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம். கிளினிக்கிலோ ஏற்றிய 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. பல கிளினிக்குகளில் இருட்டறையே கிடையாது. இணையமும் மெதுவாகத்தான் வந்தது. படம் தள்ளப்பட்டவர் வேறு நாளில் வேறு ஊரில் நிபுணரைப் பார்க்க வேண்டும். அந்த அலைச்சலை அறிந்த நர்சுகள், இந்தச் சோதனை வேண்டாம் என்று சில நோயாளிகளிடம் தாங்களே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கூகுள் குழு இதை 2020இல் தானே வெளியிட்டது பாராட்டுக்குரியது. பரிசு பெற்ற பல கருவிகளைப் பற்றி இப்படி ஒரு வரவு செலவு வெளிவருவதே இல்லை.

நிதிப் போட்டிகளின் தாய் என்று சொல்லத்தக்கது 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்த தீர்க்கரேகைப் பரிசு. கப்பல் கடலில் எங்கே நிற்கிறது என்று கணிக்கும் வழிக்கு 20,000 பவுண்டு. கருவியைக் கரையில் காட்டினால் போதாது, மேற்கிந்தியத் தீவுகள் வரை கப்பலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஜான் ஹாரிசனின் கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது அதனால்தான். பரிசு வாரியம் அவரை அநியாயமாக அலைக்கழித்தது வேறு விஷயம், நிபந்தனை சரியானது.

மருத்துவக் கருவிப் போட்டிகளுக்கும் அந்த நிபந்தனை வேண்டும். இறுதிச் சுற்று பெங்களூர் ஹோட்டல் அரங்கில் நடக்கக் கூடாது. சித்திரை வெயிலில், கரண்ட் போய்ப் போய் வரும் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நடக்க வேண்டும். பரிசுப் பணத்தில் பாதியைப் பிடித்து வைத்து, மூன்றாம் ஆண்டில் கருவி ஓடுகிறதா, எத்தனை பேர் சிகிச்சையை முழுதாக முடித்தார்கள் என்று பார்த்துக் கொடுக்கலாம். ஸ்ட்ரிப் தீர்ந்துபோன குளுக்கோமீட்டரால் யாருக்கும் பயன் இல்லை. ஆகவே ஸ்ட்ரிப்புக்கும் பழுது பார்ப்பதற்கும் மானியத்திலேயே பங்கு ஒதுக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுத விட வேண்டும். நடுவர்களில் இருவராவது கிராம சுகாதார செவிலியராக இருக்க வேண்டும். எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், ஏன் நிறுத்தினார் என்று ஊர் நர்ஸம்மாவுக்குத் தெரிவதுபோல் எந்த முதலீட்டாளருக்கும் தெரியாது.

விருதுநகர் மாவட்டத்தில் இதை நடத்திப் பார்க்கத் தேவையானவை ஏற்கெனவே இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12இல் திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி, 2024இல் ஐ.நா. விருது பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாவட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணிக் காட்டும் பழக்கமும் 2018இலிருந்து உண்டு. பைராக்கோ டான்சீட்டோ அடுத்த அறிவிப்பில் ஒரு பிரிவை மட்டும் இந்த வட்டாரத்துக்கு ஒதுக்கி, சர்க்கரை நோயாளிகளின் கண் பரிசோதனையை அதன் பொருளாக வைத்தால், பந்தல்குடியிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடலாம்.