குரல் தாழ்ந்தால் ஏழு மார்க்கா?

எங்க சித்தப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடக்கே போர் போடப் போனவர். மராத்தி, இந்தி, ஒடியா மூணும் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. எந்த ஊரில் எப்படி நிற்கணும், யாரிடம் எப்படித் தண்ணி கேட்கணும் என்று வண்டியை விட்டு இறங்கும் முன்பே பையன்களுக்குச் சொல்லிவிடுவார். அவர் அறிவை யாரும் அளந்ததில்லை.

போன மாதம் தங்கச்சி மகன் ஒரு கம்பெனி நேர்காணலுக்குப் போனான். 'பண்பாட்டு நுண்ணறிவு' என்று ஒரு தாளை நீட்டினார்களாம். 2003இல் கிறிஸ்டோபர் ஏர்லியும் சூன் ஆங்கும் புத்தகமாக எழுதிய கருத்து இது. 2007இல் சூன் ஆங்கும் கூட்டாளிகளும் அதற்கு 20 வாக்கியத்தில் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பிற பண்பாட்டாரின் திருமண முறை தெரியுமா, இடத்துக்குத் தக்கபடி பேச்சின் தொனியை மாற்றுவாயா என்று போகும். 1 முதல் 7 வரை நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ளணும்.

திருமண முறையா? ஊரின் கல்யாணச் சீரும் இழவுச் சடங்கும் சேரிக்கு மனப்பாடம். தப்படித்தவனும் குழி வெட்டியவனும் நாம்தானே. எங்க வீட்டுக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று ஊருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் அருந்ததியப் பிள்ளை, எனக்கு ரெண்டு மொழி தெரியும் என்று எழுதக் கூச்சப்படுகிறது.

தொனிக்கு வருவோம். ஊர்த்தெருவில் நுழைந்தால் எங்கய்யாவின் குரல் தானாகத் தாழும், தோள்துண்டு இடுப்புக்கு இறங்கும். தாளின்படி அவருக்கு 7. அது அறிவா, பயமா? இதைப் பிரிக்கத் தாளில் கட்டம் இல்லை. குரலைத் தாழ்த்த மாட்டேன் என்று நிமிர்ந்தவனுக்குத்தான் மார்க் குறையும்.

சொந்த மார்க்கை நம்ப முடியாது என்று கூட வேலை செய்பவர்களையும் மார்க் போடச் சொல்கிறார்கள். சரி, அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்?

கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிப் பையன்களிடம் புதிர்ப்பாதைத் தாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த ஆய்வு. சாதியைச் சொல்லாதவரை தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவு முடித்தார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்ததும் தலித் பையன்களின் கணக்கு சரிந்தது. தாள் அதே மாதிரித் தாள்தான்.

வெளிநாடு போகும் மேலாளர்களுக்கு அந்த அளவுகோல் உதவலாம். ரெண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேசும் மேசை அது. நம்ம ஊரில் அந்த மேசையே இன்னும் போடவில்லை.

“நீ என்னடா போட்டே?” என்று மருமகனைக் கேட்டேன்.

“தொனிக்கு மட்டும் ஒண்ணும் போடலை மாமா” என்றான். மத்த எல்லாத்துக்கும் ஏழு.