அலுமாரிக்கு மேலே நின்ற பஸ்

கொஞ்சம் நீளமான பதிவு. தரம் 5இல் பிள்ளை இருக்கும் பெற்றோர் கட்டாயம் வாசியுங்கள். ஆசிரியர்களும் வாசியுங்கள். ஏனென்றால் முதல் குற்றம் எங்களுடையது.

எங்கள் ஆசிரியர் ஓய்வறை அலுமாரிக்கு மேலே ஒன்றரை வருடமாக ஒரு பஸ் நின்றது. சிவப்பு நிற இ.போ.ச. பஸ். பிஸ்கட் பெட்டிக் காட்போட்டில் உடம்பு, பழைய எக்ஸ்ரே படத்தில் ஜன்னல் கண்ணாடி, அறுந்த றப்பர் செருப்பை வட்டமாக வெட்டி டயர். முன்னால் ஊர்ப் பெயர்ப் பலகை கூட இருந்தது. தரம் 5 மாணவன் ஒருவன் செய்தது. கணித பாட நேரத்தில் மேசைக்குக் கீழே வைத்து அதற்குக் கதவு ஒட்டிக்கொண்டிருந்தான். பறித்தோம். "சோதின முடிஞ்ச பொறகு தாரன்" என்றோம். சோதனை முடிந்தது. நாங்கள் மறந்துவிட்டோம். அவன் கேட்கவும் இல்லை.

அதே வருடம் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. முதலாம் பரிசு ஒரு சூரியக் குடும்பத்துக்குப் போனது. ரெஜிபோம் உருண்டைகள், அச்சடித்த பெயர்கள், சுற்றிவர சின்ன பல்புகள். பார்க்க அழகுதான். கடையில் காசு கொடுத்துச் செய்வித்தது என்று நடுவர்களாக இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கோள் சூரியனுக்குக் கிட்ட இருக்கிறது என்று கேட்டோம். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தது. ஆனாலும் புள்ளி போட்டோம்.

பிள்ளை தன் கையால் செய்ததைப் பறித்தோம். பிள்ளையின் கை படாததற்குப் பரிசு கொடுத்தோம். இரண்டும் ஒரே வருடத்தில், ஒரே கட்டடத்தில் நடந்தன. எங்களில் ஒருவருக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

பெற்றோரின் பயம் எங்களுக்கு விளங்காமல் இல்லை. கையில் வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் என்பது நல்லதொரு பாடசாலைக்கான வாசல். அந்த வாசலைச் சின்னதாகப் பேச எங்களுக்கு உரிமை இல்லை. எங்களில் பலர் அந்த வாசலால் வந்தவர்கள்தான். ஆனால் தரம் 5 பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலை 7.30க்குப் பாடசாலை. 1.30க்கு விட்டதும் சோறு தின்னும் தின்னாததுமாக டியூஷன். பிறகு குர்ஆன் மத்ரஸா. இரவில் மாதிரி வினாத்தாள். பத்து வயதுப் பிள்ளை தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்து, அது பிழைத்து, மறுபடி செய்து பார்க்க இதில் எங்கே நேரம்?

"அந்த நேரத்துல ரெண்டு கணக்குச் செய்யலாமே" என்பீர்கள். பஸ்ஸைப் பறித்தால் அந்த இடத்துக்குப் புத்தகம் வருவதில்லை. கைபேசிதான் வருகிறது. இது உங்கள் வீட்டிலும் நடக்கிறது, எங்கள் வீட்டிலும் நடக்கிறது. களைத்துப்போன பிள்ளைக்கு விரலால் தள்ளிக்கொண்டு படுத்துக் கிடப்பது சுகம். காட்போட் வெட்டினால் "வீடெல்லாம் குப்பை" என்று ஏசுகிறோம். கைபேசி குப்பை போடாது, சத்தமும் போடாது. அதனால் சும்மா இருக்கிறோம்.

போன மாதம் அலுமாரியை நகர்த்தும்போது அந்த பஸ் கைக்கு வந்தது. தூசி தட்டி, அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தோம். நீளம் 55 சென்ரிமீற்றர், உயரம் 15. நிஜ பஸ் சுமார் 11 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரம். இரண்டு பக்கமும் சரியாக இருபதில் ஒன்று. தரம் 5 பிள்ளைக்கு யாரும் அளவிடைப் படம் படிப்பிக்கவில்லை. தரிப்பிடத்தில் நின்ற பஸ்ஸைக் காலடியால் அளந்தானாம். மேல் வகுப்புகளில் அளவிடைப் படத்தை விளங்கப்படுத்த நாங்கள் படும் பாடு கணித ஆசிரியர்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு எங்கள் தலைக்கு மேலேயே ஒன்றரை வருடம் தூசி பிடித்துக் கிடந்திருக்கிறது.

இன்னொரு பிள்ளை. விஞ்ஞானத்தில் முப்பது புள்ளி தாண்டாதவன். மீன்காரரிடம் வாங்கிய ரெஜிபோம் பெட்டியில் கப்பி மீன் வளர்க்கிறான். புதுப் பெட்டியில் ஏன் மீன் சாகிறது என்று கேட்டால் வரிசையாகச் சொல்வான். குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும், ஒரு நாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும். மீன் கழிவில் அமோனியா உண்டாகும். பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்கும். அந்தப் பற்றீரியா பெருக சில வாரம் எடுக்கும், அதற்குள் அவசரப்பட்டு மீன்களைக் கொட்டினால் செத்துப்போகும். இது நைதரசன் வட்டத்தின் பாதி. நாங்கள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு வருடாவருடம் கீறுகிறோம், வருடாவருடம் பிள்ளைகள் மறக்கிறார்கள். அவன் மறக்க மாட்டான், அவனுக்குப் பன்னிரண்டு மீன் செத்திருக்கிறது.

கப்பி என்ற பெயரே ஒரு மனிதரின் பெயர். ரொபர்ட் லெச்மியர் கப்பி என்பவர் திரினிடாட் தீவிலிருந்து 1866இல் இந்த மீனைப் பிடித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அவருடைய உத்தியோகம் என்ன தெரியுமா? அந்தத் தீவின் பாடசாலைப் பரிசோதகர். மீனும் சிப்பியும் கல்லும் தேடியது அவருடைய பொழுதுபோக்கு. பரிசோதகர் ஒருவர் ஆற்றில் மீன் பிடித்ததை அந்தக் காலத்தில் யாரும் "வீண் வேலை" என்று சொல்லியிருக்கக்கூடும். இன்று அவருடைய உத்தியோகத்தை யாருக்கும் தெரியாது, மீனைத் தெரியாத பிள்ளை இல்லை. டெங்குக் காலத்தில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று நாமும் தொட்டிகளுக்கும் கிணறுகளுக்கும் இந்த மீனைத்தானே விடுகிறோம்?

மார்க்கத்தைக் காட்டி இவற்றைத் தடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அபூ உமைர் என்ற சின்னப் பிள்ளை வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் பிள்ளையிடமே அன்பாக விசாரித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களில் துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததும், சுலைமான் நபியின் குதிரைகளைச் சொல்லி அவர்கள் கொடுத்த பதிலைக் கேட்டு நபியவர்கள் சிரித்ததும் அபூதாவூதில் இருக்கிறது. உம்மத்தின் பாரத்தைச் சுமந்தவருக்குப் பிள்ளையின் குருவியை விசாரிக்க நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

அதே மார்க்கம்தான் பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் முடிவையும் சொல்கிறது. ஆகவே பிராணி வாங்கிக் கொடுப்பதென்றால் பொறுப்போடு கொடுங்கள். பெருநாளைக்குக் குஞ்சு வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு கிழமையில் அது செத்ததும் பிள்ளைக்குத் தெரியாமல் எறிவது வளர்ப்பு அல்ல. தீனி, தண்ணீர், கூடு கழுவுதல் எல்லாம் பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். அலுத்துப்போன மீனைக் குளத்தில் கொட்டவும் வேண்டாம். அலங்கார மீனாக நாட்டுக்குள் வந்த கத்தி மீன் இன்று நம் குளங்களில் பெருகி உள்ளூர் மீன்களைத் தின்கிறது. பாவம் பார்த்து விடுவதும் சில வேளை அநியாயமாக முடியும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையன் பிளேட்டும் கம்மும் எடுத்தால் ஏச்சோடு விட்டுவிடுகிறோம். மகள் எடுத்தால் "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேல" என்று அன்றோடு முடித்துவிடுகிறோம். எங்கள் வகுப்பில் ஒரு மகள் பழைய டோர்ச்சிலிருந்து பல்பைக் கழற்றி, காட்போட் வீட்டுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டு வந்தாள். ஆளியோடு. "யாரு செஞ்சு தந்த?" என்றுதான் நாங்கள் முதலில் கேட்டோம். வெட்கமாக இருக்கிறது.

இதனால் உங்கள் பிள்ளை பொறியியலாளர் ஆகும் என்று நாங்கள் ஆசை காட்டவில்லை. ஆகாமலும் போகலாம். ஆனால் ஒட்டியது கழன்றால் மறுபடி ஒட்டத் தெரிந்த பிள்ளையும், பசித்த உயிர் ஒன்று தன்னை நம்பியிருக்கிறது என்று விடிய எழும்பும் பிள்ளையும் நாளைக்கு ஒரு பரீட்சையில் தவறினாலும் உடைந்துவிட மாட்டார்கள். பெறுபேறு வந்த அன்று அறைக்குள் பூட்டிக்கொண்டு அழும் பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கும் எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

பெற்றோரிடம் கேட்பது இரண்டு. கிழமைக்கு ஒரு பின்னேரமாவது டியூஷன் இல்லாமல் விடுங்கள். வீட்டில் ஒரு மூலையைக் கொடுத்து, அங்கே கிடப்பதைக் கேட்காமல் குப்பையில் போடாதீர்கள்.

எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வதும் இரண்டு. கணிப்பீட்டுக்கான செயற்றிட்டங்களை வகுப்பிலேயே, குப்பைப் பொருட்களில் செய்விப்போம். புள்ளி போட முன்னர் "எங்க பிழைச்சுது? எப்படித் திருத்தின?" என்று கேட்போம். கடையில் வாங்கியதற்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

பஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவன் இப்போது தரம் 7. வாசலில் நின்ற வாப்பா, "இப்ப அவன் ஒண்டும் செய்யிறல்ல சேர், படிப்புத்தான்" என்று பெருமையாகச் சொன்னார். எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டு பஸ்ஸை அவன் கையில் கொடுத்தோம். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"பின்னுக்கு ரெட்ட டயர் வரணும் சேர். அப்ப எனக்குத் தெரியா."

வாப்பாவைப் பார்த்தோம். "பழைய செருப்பு ஒரு சோடி இருந்தாக் குடுங்க" என்றோம்.

உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயும் ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.