பழுதென்று எண்ணப்பட்ட வரிகள்

பௌதிக சோதனைச்சாலையில் மாணாக்கர் பலர் கைக்கொள்ளும் ஒரு வழக்கத்தைக் குறித்துச் சில கூற விரும்புகின்றோம். அளந்து பெற்ற எண்களுள் ஒன்று ஏனையவற்றோடு பொருந்தாதிருப்பின், அதனை ரப்பரால் துடைத்துவிட்டுப் புத்தகத்து விடைக்கு இசைந்த வேறோர் எண்ணை அவ்விடத்தில் எழுதிவிடுவதே அவ்வழக்கம். வரைபடத்தில் கோட்டுக்குப் புறத்தே நின்ற புள்ளியும் அவ்வாறே மறைந்துபோம். இதனைப் பொய்ம்மை என்று கண்டிப்பார் உளர், அது மெய்யே. ஆயினும், இதனால் நேரும் இழப்பு எத்தகையதென்பதைக் கண்டார் சிலரே. உலோக மென்படலங்களின்மேல் லேசர் ஒளிகொண்டு நுண்ணிய கோலங்கள் வரையும் இக்கால வித்தை பிறந்த வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டும்.

லேசர் கருவியை முதன்முதல் 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பார் இயக்கிக் காட்டினார். ஐந்தாண்டு கழித்து, 1965-இல், மில்டன் பிர்ன்பாம் என்பவர் மாணிக்க லேசரின் ஒளியை ஜெர்மானியம் முதலிய குறைகடத்திகளின்மேல் பாய்ச்சினார். பரப்புச் சிதைந்தது. சிதைவில் வியப்பொன்றுமில்லை, அத்துணை வலிய ஒளி பட்ட இடம் உருகாதிருக்குமோ? ஆனால் அச்சிதைவை உற்று நோக்கியபொழுது, ஒன்றற்கொன்று இணையாக ஓடும் நேரிய வரிகள் அதனுள் காணப்பட்டன. அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலும் 'சேதம்' என்ற சொல்லே நின்றது. எனினும், அச்சேதத்தின் உருவத்தை அவர் உள்ளவாறே எழுதி வைத்தார். கெட்டுப்போன துண்டென்று அதனை எறிந்துவிட்டு வேறொரு துண்டை எடுத்திருப்பின் அவரைக் குறைகூறுவார் ஒருவருமிலர்.

வரிகள் தோன்றும் காரணத்தை விளக்கும் விரிவான கோட்பாட்டை டொராண்டோ பல்கலைக்கழகத்துச் சைப் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1983-இல் வெளியிட்டனர். எவ்வளவு மெருகிட்ட பரப்பிலும் கண்ணுக்கெட்டாத மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் மோதிய ஒளியின் ஒரு கூறு சிதறிப் பரப்பை ஒட்டி ஓடும். அது மேலிருந்து வரும் ஒளியோடு கலக்கும்பொழுது, குளத்தில் இரு கல்லெறிந்தால் அலைகள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் அடங்கியும் நிற்பதுபோல, வெப்பம் மிக்க வரியும் குறைந்த வரியும் மாறிமாறி அமையும். வரிகளின் இடைவெளி பெரும்பாலும் ஒளியின் அலைநீளத்தை ஒட்டியது. மயிரிழை ஒன்றன் அகலத்தில் ஏறக்குறைய நூறு வரிகள் அடங்கும் என்க. ஒளியலை அதிரும் திசையை மாற்றினால் வரிகளின் திசையும் மாறும்.

பின்னர், வெப்பம் சுற்றிலும் பரவுமுன்னரே வேலையை முடித்துவிடும் மிகக் குறுகிய துடிப்புகள் கைவந்தன. அவற்றைப் பெரும் வலிமையுடையனவாக ஆக்கும் முறையை 1985-இல் கண்ட ஜெரார்ட் மூரு, டோனா ஸ்ட்ரிக்லண்ட் இருவருக்கும் 2018-இல் நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. அத்தகைய துடிப்புகளால் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2008-இல் அலுமினியத்தைப் பொன்னிறமாகத் தோன்றச் செய்தனர். சாயம் ஒரு துளியும் பூசப்படவில்லை. மயிற்பீலியின் நிறத்தைப்போல இதுவும் பரப்பின் நுண்ணிய அமைப்பால் வந்த நிறமே.

நம் கருத்தை மிகவும் கவர்ந்தது துருக்கி நாட்டு அங்காராவிலுள்ள பில்கெந்த் பல்கலைக்கழகத்தார் 2013-இல் அறிவித்த முறை. டைட்டேனியப் பரப்பில் ஒளி மிக்க இடம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி ஆக்ஸைடாகிச் சிறு வரப்பாக எழுகின்றது. அவ்வரப்பு ஒளியைச் சிதறச் செய்து, பக்கத்தில் அடுத்த வரப்பு எழ வழிகாட்டுகின்றது. இங்ஙனம் வளர்வது கட்டின்றிப் பெருகிக் குழம்பிவிடாதோ எனின், விடாது. ஆக்ஸைடு தடித்தவளவில் பிராணவாயு உட்புகல் அரிதாகி, வளர்ச்சி தானே நின்றுவிடும். ஆதலின் வரப்புகள் யாவும் ஏறக்குறைய ஒரே உயரத்தன. ஒளிக்கற்றையை மெல்ல நகர்த்திக்கொண்டே சென்றால், முன் எழுந்த வரிகளே பின் வருவனவற்றை நேர்படுத்தும். வளைந்த பரப்பாயினும், மடங்கும் படலமாயினும் தடையில்லை. முன்னாளிற் 'சேதம்' எனப்பட்டதனைக் கட்டுக்குள் நிறுத்திய திறம் இது.

பிழையான அளவுகளெல்லாம் புதுமைகளாகுமோ என்று ஆசிரிய நண்பர் வினவுவர். ஆகா. பத்தில் ஒன்பது, கண்ணாடியில் ஒட்டிய தூசியும் திருகாணியின் தளர்ச்சியுமே. ஆனால் எது தூசி, எது வரி என்று துணிவதற்கு, அவ்வளவு எழுதப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ? 1923-இல் கல்கத்தாவில் சி. வி. இராமன் அவர்களிடம் ஆராய்ந்த கே. ஆர். இராமநாதன் அவர்கள் கண்ட மங்கலான ஒளியும் முதலில் திரவத்தின் அழுக்கால் வந்ததென்றே கருதப்பட்டது. எத்தனை முறை தூய்மை செய்தும் அது நீங்கவில்லை. 1928-இல் வெளிப்பட்ட இராமன் விளைவுக்கு அது முன்னோடி.

குற்றம் முழுவதும் மாணாக்கருடையதன்று. விடை புத்தகத்தோடு ஒத்தால் முழு மதிப்பெண், ஒவ்வாவிடின் குறைவு என்று நாமே வகுத்துவைத்தால், அவர்தாம் வேறென்செய்வர்? ரிக்கார்டு நோட்டின் இடப்பக்கம் படத்துக்கும் கணக்குக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. அதன் அடியில் நான்கு விரற்கிடை இடம் விட்டு, பொருந்தாத அளவுகளை மையால், தேதியிட்டு எழுதச் செய்யலாம். மீண்டும் அளந்து பார்த்தவர்க்கு ஒரு மதிப்பெண் கூட்டலாம். கல்லூரிக்கு இதனால் காசு செலவில்லை. வரும் ஆண்டு முதற்சோதனையிலேயே தொடங்கத்தக்கது.